விளக்கு, சென்சார் அளவீடுகள் கிளவுடுக்குச் சரியாகப் போகவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

என் அம்மா சிங்கப்பூரில், தோ பாயோ வட்டாரத்தில் ஒரு மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தனியாக இருக்கிறார். நான் இருப்பது செங்காங்கில். அவருடைய சம்மதத்தோடு அந்த வீட்டில் ஒன்பது ஹியூ ஸ்மார்ட் விளக்குகள், மூன்று மோஷன் சென்சார்கள், அவற்றை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் ஒரு பிரிட்ஜ், ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சின்னக் கணினி வைத்திருக்கிறேன். அதில் ஓடும் சின்ன பைதான் ஸ்கிரிப்ட் அரை நிமிடத்துக்கு ஒரு முறை பிரிட்ஜைக் கேட்டு, கிடைத்த அளவீடுகளை இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற கிளவுட் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. நானும் தங்கையும் அதை கிராஃபானா என்ற வரைபடத் திரையில் பார்க்கிறோம். காலையில் சமையலறை விளக்கு எரிந்ததா, நடைவழியில் நடமாட்டம் இருந்ததா, இரவு வீடு எவ்வளவு சூடாக இருந்தது என்பதை மட்டும்தான் பார்ப்போம். குளியலறையில் சென்சார் வைக்கவில்லை. பணிப்பெண் இருக்கும் வீடானால் அவர் அறையிலும் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த ஏற்பாட்டில் வந்த பிழைகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் டேட்டாடாக், நியூ ரெலிக் போன்ற வேறு தளத்துக்கு அனுப்பினாலும் பெரும்பகுதி பொருந்தும்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அளவீடு சென்சாரிலிருந்து ஜிக்பீ என்ற ரேடியோ அலையில் பிரிட்ஜுக்கு வருகிறது, பிரிட்ஜிலிருந்து ஸ்கிரிப்டுக்கு, அங்கிருந்து கிளவுடுக்கு, கடைசியில் வரைபடத்துக்கு. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஸ்கிரிப்ட் ஓடும் கணினியிலிருந்தே, பிரிட்ஜ் இப்போது என்ன சொல்கிறது என்று நேரடியாக ஒரு தடவை கேளுங்கள். அப்புறம், கடைசியாக அனுப்பிய தொகுப்புக்கு கிளவுட் என்ன பதில் எண் கொடுத்தது என்று லாகில் (ஸ்கிரிப்டின் பதிவுக் கோப்பில்) பாருங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் அந்தப் பதில் எண்ணை லாகில் எழுதுவதில்லை என்றால் முதலில் அதை எழுத வையுங்கள். அது இல்லாமல் தேடுவது வெறும் ஊகம்.

## இதுவரை ஓர் அளவீடுகூட வரவில்லை

பிரிட்ஜ் பக்கம் பிழை எண் 101 வந்தால், அதன் நடுவில் இருக்கும் பெரிய பொத்தானை நீங்கள் அழுத்தவில்லை என்று பொருள். அழுத்திவிட்டு அரை நிமிடத்துக்குள் சாவி (ஸ்கிரிப்டுக்கான அனுமதிச் சொல்) கேட்க வேண்டும். பிழை எண் 1 வந்தால் உங்களிடம் இருக்கும் சாவி அந்த பிரிட்ஜுக்குத் தெரியாது. பிரிட்ஜை முழுவதுமாக ரீசெட் செய்திருந்தால் பழைய சாவிகள் எல்லாம் போய்விடும், புதிதாக வாங்க வேண்டும். பதிலே வராவிட்டால் ராஸ்பெர்ரி பை எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். விருந்தினர் வைஃபையில் இருந்தால் வீட்டுக்குள் இருக்கும் மற்ற கருவிகளை அது பார்க்க முடியாதபடி ரௌட்டர் தடுத்துவிடும்.

கிளவுட் பக்கம் 401 வந்தால் டோக்கன் (கிளவுட் தரும் அனுமதிச் சொல்) தவறு, அல்லது நகலெடுக்கும்போது கடைசி எழுத்துகள் விட்டுப்போயிருக்கும். 403 பெரும்பாலும் அந்த டோக்கனுக்கு எழுதும் உரிமை இல்லை என்பதைக் காட்டும். 404 என்றால் பக்கெட் (கிளவுடில் தரவு சேரும் இடம்) பெயர் அல்லது முகவரி தவறு. இங்கே பலர் சறுக்குவது பகுதி விஷயத்தில். சிங்கப்பூரில் இருக்கிறோம் என்பதற்காகப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும் டேட்டா சென்டர் முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். கணக்கு திறந்தபோது எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தீர்களோ அந்தப் பகுதியின் முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒரு பகுதியின் டோக்கன் இன்னொரு பகுதிக்குச் செல்லாது.

இன்னொன்று. பிரிட்ஜின் எச்டிடிபிஎஸ் சான்றிதழை உங்கள் கணினி இயல்பாக நம்பாது. அதற்காக ஸ்கிரிப்ட் முழுவதற்கும் சான்றிதழ் சரிபார்ப்பை அணைக்காதீர்கள். அப்படிச் செய்தால் கிளவுடுக்குப் போகும் இணைப்பும் சரிபார்க்கப்படாது. வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லும் தரவு அது. பிரிட்ஜுக்கு மட்டும் தனியாக விதிவிலக்கு கொடுங்கள்.

## கிளவுட் சரி என்கிறது, வரைபடம் காலி

இன்ஃப்ளக்ஸ்டிபி 204 (ஏற்றுக்கொண்டேன்) தருகிறது, திரையில் ஒன்றும் இல்லை. பத்துக்கு எட்டு தடவை இது நேர அலகுச் சிக்கல். வேறு அலகு என்று நீங்கள் குறிப்பிடாவிட்டால் இன்ஃப்ளக்ஸ்டிபி நேரத்தை நானோவினாடியாக எடுத்துக்கொள்ளும். பைதான் கொடுப்பதோ வினாடி. அந்த எண்ணை அப்படியே அனுப்பினால் உங்கள் அளவீடு 1970ஆம் ஆண்டின் முதல் ஓரிரு வினாடிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கெட்டின் சேமிப்புக் காலம் 30 நாள் என்றால் அங்கேயும் நிற்காது.

சேமிப்புக் காலத்துக்கு வரம்பு இல்லாத ஒரு சோதனை பக்கெட் வைத்துக்கொண்டு, அதற்கு அனுப்பி, வரைபடத்தின் காலத்தை 1970 ஜனவரிக்கு மாற்றிப் பாருங்கள். சிங்கப்பூர் நேரத்தில் காட்டும் திரையில் புள்ளிகள் காலை 7:30க்கு நின்றால் நீங்கள் அனுப்பியது வினாடி. 8 மணியை ஒட்டி நின்றால் மில்லிவினாடி. ஜனவரி 21 வாக்கில் இருந்தால் மைக்ரோவினாடி. 7:30 என்பதைப் பார்த்து நேர மண்டலமும் தவறோ என்று பயப்பட வேண்டாம். 1970இல் சிங்கப்பூர் உலக நேரத்தைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு மணி நேரம்.

மற்ற தளங்களில் காரணம் கொஞ்சம் மாறும். நியூ ரெலிக் முதலில் 202 (பெற்றுக்கொண்டேன்) சொல்லிவிட்டு அப்புறம்தான் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும். தப்பு இருந்தால் அது பிழை நிகழ்வாக உங்கள் கணக்குக்குள்ளேயே பதிவாகும், அங்கே போய்த் தேட வேண்டும். டேட்டாடாக் வழக்கமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதையும், பத்து நிமிடத்துக்கு மேல் வருங்காலத்தில் இருப்பதையும் ஏற்பதில்லை. இணையம் இல்லாத நேரத்தில் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் ஸ்கிரிப்ட் என்றால் இதை முன்பே கணக்கில் கொள்ளுங்கள்.

## பொழுது இரவு 11 மணிக்கு விடிகிறது

நேர மண்டலப் பிழையைக் கண்டுபிடிப்பதில் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் இங்கே ஏறக்குறைய காலை 7 மணிக்குச் சூரியன் உதிக்கிறது, மாலை 7 மணிக்கு மறைகிறது. ஆகவே ஜன்னல் பக்கம் இருக்கும் சென்சாரின் வெளிச்சக் கோடே உங்களுக்கு ஒரு கடிகாரம். அது காலை 7 மணியை ஒட்டி ஏறினால் நேரம் சரி. இரவு 11 மணிக்கு ஏறினால் யூடிசி எனப்படும் உலக நேரத்தை சிங்கப்பூர் நேரம் என்று படித்திருக்கிறீர்கள். பிற்பகல் 3 மணிக்கு ஏறினால் எட்டு மணி நேரத்தை இரண்டு தடவை கூட்டியிருக்கிறீர்கள்.

ஹியூ பிரிட்ஜின் முதல் பதிப்பு ஏபிஐ (ஸ்கிரிப்ட் பிரிட்ஜோடு பேசும் வழி), கடைசியாகப் புதுப்பித்த நேரத்தை யூடிசியில் தருகிறது, ஆனால் அது யூடிசி என்ற அடையாளம் அந்த எழுத்தில் இருக்காது. பைதான் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டால் 11 மணி விடியல் வரும். அனுப்புவது முழுக்க யூடிசியில் இருக்கட்டும், சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றுவது திரையில் மட்டும் நடக்கட்டும்.

கோடு சரியாகி, தினசரிக் கூட்டல் மட்டும் தப்பாக வந்தால் காரணம் வேறு. யூடிசி நள்ளிரவு இங்கே காலை 8 மணி. என் அம்மா ஐந்தரை மணிக்கு எழுந்து காபி போட்டு, சாமி விளக்கேற்றி, ஏழு மணிக்குச் சந்தைக்குப் போய்விடுவார். அந்த நடமாட்டம் முழுவதும் முந்தைய நாள் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. நாள் வாரியாகத் தொகுக்கும் வினவலில் சிங்கப்பூர் நேர மண்டலத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். திரையின் நேர மண்டலத்தை மாற்றுவது மட்டும் போதாது.

## வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது

முதலில் பிரிட்ஜின் ஐபி முகவரியைப் பாருங்கள். இணைய நிறுவனம் மாற்றி, புது ரௌட்டர் வந்த அன்றே இது நடக்கும். ரௌட்டரில் முகவரிகளை ஒதுக்கும் டிஎச்சிபி பக்கத்தில் பிரிட்ஜுக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது.

மின்சாரம் போய் வந்த பிறகு நின்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 5க்கு முந்தைய மாடல்களில் உள்கடிகாரம் கிடையாது, 5இலும் அதற்கான பேட்டரியை நாம்தான் தனியாகப் போட வேண்டும். மின்சாரம் வந்ததும் கணினி எழுந்துவிடும், ஃபைபர் இணைப்பு எழ இன்னும் சில நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் ஸ்கிரிப்ட் பழைய நேரத்தோடு ஓடத் தொடங்கிவிடும். நேரம் ரொம்பப் பின்னால் இருந்தால், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று பிழை வரும். கொஞ்சம் பின்னால் இருந்தால் பிழை எதுவும் வராது, அளவீடு தப்பான நேரத்தில் பதியும். கடிகாரம் ஒத்திசைந்த பிறகே ஸ்கிரிப்ட் தொடங்கும்படி சேவையை அமையுங்கள்.

எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறை வழியாக அனுப்புகிறவர்களுக்கு ஒரு தனி அறிகுறி உண்டு. சில வினாடிக்கு ஒரு முறை இணைப்பு அறுந்து மறுபடி சேரும். அப்படியானால் அதே கிளையன்ட் ஐடியில் (இணைப்பின் அடையாளப் பெயரில்) இன்னொரு ஸ்கிரிப்ட் எங்கோ ஓடுகிறது. ஒரே ஐடியில் இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆளைத் துண்டிக்க வேண்டும் என்பது நெறிமுறையிலேயே இருக்கும் விதி. மடிக்கணினியில் சோதனைக்கு ஓட்டிய ஸ்கிரிப்டை நிறுத்தினீர்களா என்று பாருங்கள்.

## திரையில் விளக்கு எரிகிறது, வீட்டில் இருட்டு

இந்த அறிகுறியைத்தான் நான் எல்லாவற்றையும்விடத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் ஏதோ உடைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். இதில் எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே இருக்கும்.

ஒரு நாள் பின்னிரவு இரண்டு மணிக்கு அம்மா வீட்டுச் சமையலறை விளக்கு எரிவதாகத் திரை காட்டியது. அழைத்தேன், எடுக்கவில்லை. டாக்சி பிடித்து தோ பாயோ போனேன். அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். விளக்கைச் சுவர் சுவிட்சில் அணைத்திருந்தார், வாழ்நாள் முழுக்கச் செய்தது போல. விளக்குக்கு மின்சாரம் போய்விட்டால், தான் அணைந்துவிட்டதாக அதனால் சொல்ல முடியாது. பிரிட்ஜ் தன்னிடம் இருக்கும் கடைசி நிலையையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, விளக்கு எட்டவில்லை என்று பக்கத்தில் வேறொரு குறியீட்டை மாற்றும், ஆனால் எரிகிறது என்ற மதிப்பு அப்படியே இருக்கும். என் ஸ்கிரிப்ட் அந்தக் குறியீட்டைப் படிக்கவே இல்லை.

சென்சாரில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பேட்டரி தீர்ந்துபோனால் பிரிட்ஜ் அதன் கடைசி வெப்பநிலையையும், நடமாட்டம் இல்லை என்பதையும் திரும்பத் திரும்பத் தரும். குளிர்நாட்டில் இருப்பவர் நாள் முழுக்க நேராகப் போகும் வெப்பநிலைக் கோட்டைப் பார்த்தவுடன் சந்தேகப்படுவார். இங்கே ஜன்னல் மூடிய அறையில் இரவு பகலாக 29 டிகிரியை ஒட்டியே கோடு போகும், செத்துப்போன சென்சாரின் கோடும் அப்படியேதான் இருக்கும். நடைவழிச் சென்சார் ஒரு தடவை இரண்டு நாள் இப்படிக் கிடந்தது, நான் கவனிக்கவில்லை.

ஆகவே மதிப்போடு அதன் வயதையும் அனுப்புங்கள். இப்போதைய நேரத்திலிருந்து பிரிட்ஜ் சொல்லும் கடைசிப் புதுப்பிப்பு நேரத்தைக் கழித்தால் கிடைக்கும் வினாடிகள்தான் வயது. அரை நிமிடத்துக்கு ஒரு முறை கேட்பதால் தரவு புதிதாகிவிடாது. பேட்டரியில் ஓடும் சென்சார் தனக்குத் தோன்றும்போதுதான் பிரிட்ஜிடம் பேசும், நாம் கேட்பது பிரிட்ஜின் நினைவைத்தான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நடமாட்ட மதிப்பின் வயதை மட்டும் வைத்துச் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று முடிவு செய்ய முடியாது, யாரும் நடக்காத அறையில் அது பழையதாகத்தான் இருக்கும். முதல் பதிப்பு ஏபிஐயில் ஒரே மோஷன் சென்சார் மூன்று சென்சாராகத் தெரியும்: நடமாட்டம், வெளிச்சம், வெப்பநிலை. வெப்பநிலை சில நிமிடங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது, அதனால் அதன் வயதையே மூன்றுக்கும் நாடித்துடிப்பாக எடுத்துக்கொள்கிறேன். அரை மணி நேரத்தைத் தாண்டினால் அந்தச் சென்சார் சொல்வது எதையும் நான் அனுப்புவதில்லை. வயதை மட்டும் அனுப்புகிறேன்.

விளக்குக்கும் இதே போலத்தான். எட்டவில்லை என்றால் எரிகிறது, அணைந்திருக்கிறது என்று எதையும் எழுதாமல், எட்டவில்லை என்பதை மட்டும் தனிப் புலமாக எழுதுங்கள். இரண்டாம் பதிப்பு ஏபிஐயில் ஜிக்பீ இணைப்பு நிலை தனியாகவே கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். அப்புறம் வரைபடத்தில் விடுபட்ட இடங்களை முந்தைய மதிப்பால் நிரப்பும் வசதியையும், இடைவெளியைக் கோடு போட்டு இணைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். எங்கள் திரையில் தெரியாத நேரம் சாம்பல் நிறத்தில் இருக்கும். அம்மாவின் சுவிட்ச் பழக்கத்தை நான் மாற்றச் சொல்லவில்லை.

## எண் வருகிறது, நம்பும்படி இல்லை

வெப்பநிலை 2900 என்று வந்தால் முதல் பதிப்பு ஏபிஐ டிகிரியின் நூறில் ஒரு பங்கில் தருகிறது, 100ஆல் வகுக்க வேண்டும். இரண்டாம் பதிப்புக்கு மாறிய அன்று 0.29 ஆனால், அது ஏற்கெனவே டிகிரியில் தருவதை நீங்கள் மறுபடி வகுக்கிறீர்கள்.

வெளிச்சம் இரண்டு பதிப்பிலும் மடக்கை அளவில்தான் வரும். வரும் எண்ணிலிருந்து 1 கழித்து, 10000ஆல் வகுத்து, அதை 10இன் அடுக்காகப் போட்டால் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு). 10001 என்றால் 10 லக்ஸ், 20001 என்றால் 100, 30001 என்றால் 1000. சராசரி எடுப்பதானால் லக்ஸுக்கு மாற்றிய பிறகே எடுங்கள்.

ஒரே தொகுப்பில் மற்ற அளவீடுகள் வந்து ஒளிர்வு மட்டும் வராமல் போனால் வகை மோதலாக இருக்கலாம். முதல் பதிப்பில் ஒளிர்வு 1 முதல் 254 வரை முழு எண், இரண்டாம் பதிப்பில் தசமத்தோடு கூடிய விழுக்காடு. இன்ஃப்ளக்ஸ்டிபி ஒரு புலத்துக்கு முதலில் எந்த வகை வந்ததோ அதையே பிடித்துக்கொள்ளும், வேறு வகையை மறுக்கும். புது ஒளிர்வுக்குப் புதுப் புலப்பெயர் வையுங்கள். அலகும் மாறியிருப்பதால் அதுதான் சரியான வழியும்கூட.

எண் முறையாக இருந்தும் சந்தேகம் வந்தால் சிங்கப்பூரின் உச்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே பதிவான அதிகபட்ச வெப்பம் 37.0 டிகிரி, 1983 ஏப்ரல் 17இல் தெங்காவில் ஒரு தடவை, 2023 மே 13இல் அங் மோ கியோவில் ஒரு தடவை. படுக்கையறை 41 காட்டினால் சென்சார்மீது மேற்கு வெயில் நேராக விழுகிறது, அல்லது அது சூடான ஏதோ ஒன்றுக்கு மேலே இருக்கிறது. அரசின் திறந்த தரவுத் தளத்தில் வானிலை நிலையங்களின் வெப்பநிலை இலவசமாகக் கிடைக்கிறது. அதையும் ஒரு கோடாகப் போட்டு வையுங்கள், ஒப்பிட உதவும்.

## ஒரே விளக்குக்கு இரண்டு கோடு

விளக்குக்குத் தமிழில் பெயர் வைத்தவர்கள் கவனியுங்கள். "தொங்கு விளக்கு" என்பதில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்து. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு பெயர். கைப்பேசியில் ஒரு விதமாகவும் கணினியில் இன்னொரு விதமாகவும் தட்டச்சு செய்திருந்தால் ஒரு விளக்கு இரண்டு தொடராகப் பிரிந்துவிடும். பைதானில் யூனிகோட் இயல்பாக்கம் செய்து, எப்போதும் சேர்த்து எழுதும் வடிவிலேயே அனுப்புங்கள். பெயரில் இருக்கும் இடைவெளியையும் லைன் புரோட்டோகாலில் (இன்ஃப்ளக்ஸ்டிபிக்கு அனுப்பும் வரி வடிவில்) முன்னால் தப்புக்குறி (\) போட்டுத்தான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வரி உடையும்.

இதைவிட நல்லது, தொடரை அடையாளம் காண விளக்கின் நிலையான ஐடியைப் பயன்படுத்துவது. பெயரைத் திரையில் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு விளக்கை இடம் மாற்றிப் பெயரும் மாற்றினால் பழைய வரலாறு அறுந்துபோகாது.

## ஓர் அறை மட்டும் விட்டுவிட்டு வருகிறது

பிரிட்ஜும் ரௌட்டரும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் பாதுகாப்பறைக்குள் ரௌட்டரை வைத்து, பிரிட்ஜையும் அதன் பக்கத்திலேயே வைத்திருப்பவர்கள் நிறைய. கம்பி கட்டிய கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் அலையை விழுங்கிவிடும். நீளமான நெட்வொர்க் கேபிள் போட்டு பிரிட்ஜை மட்டுமாவது வெளியே கொண்டுவாருங்கள். ரௌட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. அடுக்குமாடியில் மேலே, கீழே, எதிரே எல்லா வீட்டு வைஃபையும் அதே இடத்தில்தான் இருக்கும். ஹியூ 11, 15, 20, 25 ஆகிய ஜிக்பீ சேனல்களைப் பயன்படுத்துகிறது, செயலியிலேயே மாற்றலாம். 25ஆம் சேனல் வைஃபையின் 11ஆம் சேனலுக்கும் மேலே இருப்பதால் அதை முதலில் முயன்று பாருங்கள். ஹியூ பிரிட்ஜ் இல்லாமல் யூஎஸ்பி ஜிக்பீ குச்சி வைத்திருந்தால், யூஎஸ்பி 3.0 துளையின் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. சிம் லிம் டவரில் ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, குச்சியைத் தள்ளி வையுங்கள்.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அறுந்தால், அந்த நேரத்தில் யாரோ ஒரு விளக்கைச் சுவரில் அணைக்கிறார்கள். தூரத்துச் சென்சாரின் செய்தியைக் கைமாற்றிக் கொடுத்தது அந்த விளக்காக இருக்கும்.

## 429 வருகிறது

கிளவுட் இந்த எண்ணைத் தந்தால் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் அனுப்புகிறீர்கள். ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாக அனுப்பாமல் தொகுத்து அனுப்புங்கள். மதிப்பு மாறும்போது ஒரு தடவை, மாறாவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்பது வீட்டுக்குப் போதும்.

## அளவீடு நின்றும் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரவில்லை

எச்சரிக்கை விதி எங்கே ஓடுகிறது? ராஸ்பெர்ரி பைக்குள் என்றால், அது நின்றதும் எச்சரிக்கையும் நின்றுவிடும். விதி கிளவுடில் இருக்க வேண்டும். அடுத்து, நடமாட்டம் பூச்சியமாக இருந்தால் எச்சரி என்று எழுதிய விதி, தரவே வராதபோது ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். கிராஃபானாவில் தரவு இல்லாத நிலைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்ஃப்ளக்ஸ்டிபியின் இரண்டாம் பதிப்பில், தரவு நின்றால் எச்சரிக்கும் டெட்மேன் என்ற வகைச் சோதனை இருக்கிறது.

அமைத்த பிறகு உண்மையிலேயே சோதித்துப் பாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு சாப்பிடப் போகும்போது நடைவழிச் சென்சாரின் பேட்டரியைக் கழற்றி மேசைமீது வைத்துவிடுகிறேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு என் கைப்பேசியும் தங்கையின் கைப்பேசியும் ஒலிக்க வேண்டும். இரண்டும் ஒலித்த பிறகுதான் பேட்டரியைத் திரும்பப் போடுவேன். அதுவரை அம்மாவும் மேசையில் கூடவே உட்கார்ந்திருப்பார்.